அர்பானா நாட்குறிப்பு: சீஃப், சிச்சிலி, ஒரு பழைய டீ-ஷர்ட்

பிப்ரவரி 4

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், அர்பானா. வெளியே மைனஸ் பதினெட்டு. பேஸ்மென்ட் குழாய் உறைந்து வெடித்துவிடுமோ என்று பயம். சுற்றிக் கட்டப் பழந்துணி தேடினேன். இவருடைய பெட்டியின் அடியில் ஓர் ஆரஞ்சு நிற டீ-ஷர்ட் கிடைத்தது. கழுத்து நைந்து நூல் தொங்குகிறது. நெஞ்சில் வட்டமாக ஒரு முகம், சுற்றிலும் இறகுகள். அச்சு பாளம் பாளமாக வெடித்து, மூக்கு இருந்த இடத்தில் வெறும் துணிதான் தெரிகிறது. கத்தரிக்கோலை வைக்கப் போனேன். படியிலிருந்து சத்தம்: "ஏய், அதைக் கிழிச்சுடாதே!"

பெட்டியில் போட்டதிலிருந்து அவர் தொடாத துணி அது. வாங்கியது 2005-இல், கிரீன் தெருவில். அவர் எம்.எஸ். படிக்க வந்த முதல் வருஷம். அந்த வருஷம்தான் இல்லினாய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 37 ஆட்டங்களில் ஜெயித்து, தேசிய இறுதி ஆட்டம் வரை போய், வட கரோலினாவிடம் தோற்றது. ஊரே ஆரஞ்சு உடுத்தித் திரிந்ததாம். அறையில் சாம்பார் வைக்கக்கூடத் தெரியாத இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு, பதினாறாயிரம் பேரோடு சேர்ந்து கத்த ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அதெல்லாம் புரிகிறது. குழாய்க்கு என் பழைய காட்டன் சேலை போயிற்று.

தெரியாதவர்களுக்கு: அந்த முகம்தான் சீஃப் இலைனிவெக், பல்கலைக்கழக அணியின் பழைய சின்னமான செவ்விந்தியத் தலைவர். அணியின் பெயர் ஃபைட்டிங் இலைனை; இலைனை என்பது இந்த நிலத்தில் இருந்த பழங்குடி. பாதி ஆட்ட இடைவேளையில், தலை நிறைய இறகும் தோல் உடுப்புமாக ஒரு மாணவன் வந்து ஆடுவான். இங்கே பெரும்பாலும் வெள்ளைக்கார மாணவன் என்று படிக்கவும். 1926-இல் தொடங்கிய வழக்கம். முதலில் ஆடியவர், செவ்விந்தியர் ஆட்டத்தைப் பாய் ஸ்கவுட்டில் பழகிய ஒரு மாணவர். 2007 பிப்ரவரி 21-ஆம் தேதியோடு பல்கலைக்கழகம் அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு சின்னம் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 8

நிலா ஹாஸ்டலிலிருந்து துணி துவைக்க வந்தாள். வந்ததும் டீ-ஷர்ட்டைப் பார்த்துவிட்டாள். "அப்பா, இதைப் போட்டுக்கிட்டு என் டார்ம் பக்கம் வந்துடாதீங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவளுடைய வகுப்பில் இதே விஷயத்தைப் பற்றி வாதம் வைத்திருக்கிறார்களாம். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது 'சீஃப் வேண்டும்' கட்சி. அவளுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. இவருக்கோ வாய் கொள்ளாத சந்தோஷம். தோசை ஊற்றி முடிப்பதற்குள் அப்பாவும் பொண்ணும் சமையலறை மேஜையில் வழக்கறிஞர் அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

இவருடைய துருப்புச் சீட்டு புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே அணியின் பெயரே செமினோல்ஸ். ஆட்டம் தொடங்கும் முன் செமினோல் பழங்குடித் தலைவர் ஒஸியோலாவின் வேடத்தில் ஒருவர் குதிரையில் வந்து எரியும் ஈட்டியை மைதான நடுவில் குத்துவார். 1978 முதல் நடக்கிறது. 2005 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 'பழங்குடிகளை இழிவுபடுத்தும் சின்னம் வைத்திருக்கும் கல்லூரிகளில் இனி சாம்பியன்ஷிப் ஆட்டம் கிடையாது' என்று உத்தரவு போட்டபோது, அந்தப் பட்டியலில் புளோரிடா ஸ்டேட்டும் இருந்தது. ஆனால் புளோரிடா செமினோல் பழங்குடி அமைப்பே 'எங்களுக்குச் சம்மதம்' என்று நின்றதால் விலக்குக் கிடைத்துவிட்டது. யூட்டா பல்கலைக்கழகமும் யூட் மக்களின் சம்மதத்தைக் காட்டித் தப்பியது.

"அப்போ நம்ம சீஃப் என்ன பாவம் பண்ணினார்?" என்றார் இவர்.

"நம்ம" என்றார். திருவெறும்பூர்க்காரர்!

"சம்மதம் யார்கிட்ட கேட்டாங்க?" என்று நான் கேட்டேன். நிலா என்னை முறைத்தாள். "அம்மா, நீ எதிர்க்கட்சி. இன்னிக்கு உனக்குத் தோசை மட்டும்தான்."

பிப்ரவரி 11

நிலா தயார் பண்ணும் குறிப்புகளை நானும் படிக்கிறேன். இதில் சார்லீன் டீட்டர்ஸைத் தாண்டிப் போக முடியவில்லை. ஸ்போகேன் பழங்குடியைச் சேர்ந்த ஓவியர். 1988-இல் இங்கே முதுகலை படிக்க வந்தவர். ஒரு நாள் மகனையும் மகளையும் கூடைப்பந்து பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார். சீஃப் ஆடிக்கொண்டு வருகிறான். அரங்கமே எழுந்து நிற்கிறது. மகள் நாற்காலிக்குள் ஒடுங்கிப் போகிறாள். மகன் சிரிக்கப் பார்க்கிறான். அதற்கப்புறம் 'செவ்விந்தியர்களும் மனிதர்கள்தான்' என்று ஒரு அட்டையை எழுதி எடுத்துக்கொண்டு, அரங்கத்துக்கு வெளியே தனியாகப் போய் நின்றிருக்கிறார். போகிற வருகிறவர்கள் திட்டியிருக்கிறார்கள், துப்பியிருக்கிறார்கள். 1997-இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் சீஃப் ஆடினான்.

மகன் சிரிக்கப் பார்த்தான் என்ற இடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சிரித்துச் சமாளிக்கிற வயசு அது.

பிப்ரவரி 15

அம்மாவிடம் கேட்டு அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டேன். "எதுக்குடி இப்போ அது?" என்று ஆயிரம் கேள்வி.

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழா. நான் குறத்தி. முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய பாவாடை, இடுப்பில் கூடை, முதுகில் தூளி கட்டி அதில் பொம்மை. கழுத்து கொள்ளாத பாசிமணி. முகவாயில் மை பென்சிலால் மூன்று புள்ளி, பச்சை குத்தியதுபோல. நாக்கைத் துருத்திக்கொண்டு சிரிக்கிறேன். பக்கத்தில் குறவனாக நின்ற பையனுக்குக் கையில் கொட்டாங்கச்சி. அன்றைக்குக் கைதட்டல் எங்களுக்குத்தான் அதிகம்.

அந்தப் பாசிமணியை அம்மா சத்திரம் பஸ் நிலையத்தில் வாங்கினாள். தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்த அம்மாளின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, மணி கோத்து, நுனியைப் பல்லால் கடித்துத் துண்டித்தது ஞாபகம் இருக்கிறது. எட்டு ரூபாயை அம்மா பேரம் பேசி ஐந்தாக்கியதும் ஞாபகம் இருக்கிறது. "பாப்பா ஸ்கூல்ல குறத்தி டான்ஸ் ஆடுது" என்று அம்மா பெருமையாக வேறு சொன்னாள். அந்த அம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

இதில் இன்னொரு கூத்து. பாசிமணி கோப்பவர்கள் நரிக்குறவர்கள். குறவர்கள் வேறு சமூகம், மொழியே வேறு. எங்கள் மேடைக் குறத்தி இரண்டையும் போட்டுக் குழப்பிய ஒரு பொம்மை. யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டியவர்கள் யாரும் பந்தலுக்குள் இல்லை. 2023-இல் குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, தங்களை ஆபாசமாகக் காட்டுகிறார்கள் என்று குறவர் சமூகத்தினர் பல காலம் சொன்ன பிறகு. அந்தச் செய்தி வந்த நாளில் குடும்பக் குழுவில் ஒரு மாமா 'இதையும் தடை பண்ணிட்டா கலை எப்படி வளரும்' என்று எழுதினார். நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டு நகர்ந்துவிட்டேன். பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 21

இன்று அந்தக் கடைசி ஆட்டத்தின் நாள். அன்றைக்கு நான் இந்த ஊருக்கு வந்து சில மாதம்தான். மிச்சிகன் அணியோடு கூடைப்பந்து. இவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இரவு செய்தியில் பார்த்தோம். கால்களை விரித்து எகிறிக் குதித்தான், கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான், நடந்து வெளியே போனான். கூட்டத்தில் பெரிய பெரிய ஆண்கள் அழுதார்கள். நான் 'யார் செத்துப் போனது?' என்று கேட்டேன். இவர் பதில் சொல்லவில்லை.

இரவு சாப்பாட்டில் சண்டை. பெரிய சண்டை இல்லை, ரசம் ஆறுகிற அளவுக்கு.

இவர் கட்சி: "அது கேலி இல்லை. கோமாளி மாதிரி மூக்கு வச்சு ஆடலை. எல்லாரும் எழுந்து நின்னு மரியாதை பண்ணினோம்."

என் கட்சி: மரியாதை யாருக்கு? சீஃப் போட்டிருந்த இறகுத் தொப்பி சமவெளியின் லக்கோட்டா மக்களுடையது. இலைனை மக்கள் அப்படி உடுத்தியவர்களே இல்லை. 1982-இல் லக்கோட்டாப் பெரியவர் ஒருவரிடமிருந்து வாங்கிய உடையை, 2007-இல் லக்கோட்டாக்களில் ஒரு பிரிவான ஓக்லாலா சூ மக்கள் திருப்பித் தரும்படி கேட்டார்கள். நிஜமான இலைனை வழிவந்தவர்கள் பியோரியா பழங்குடியினர். 1832 ஒப்பந்தத்தில் இல்லினாயில் மிஞ்சிய நிலத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு கன்சாசுக்கும், அங்கிருந்து ஓக்லஹோமாவுக்கும் தள்ளிவிட்டார்கள். பியோரியா என்ற ஊர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். அந்த மக்களின் அலுவலகம் ஓக்லஹோமாவில். அவர்கள் 2000-இல் 'சீஃப் வேண்டாம்' என்று தீர்மானம் போட்டார்கள். புளோரிடாவில் சம்மதம் சொன்னவர்கள் அதே மண்ணில் இருந்துகொண்டு சொன்னார்கள். இங்கே ஊரைவிட்டு விரட்டியவர்களின் பேரன்கள், விரட்டப்பட்டவர்களின் வேடம் போட்டு, விரட்டிய நிலத்திலேயே ஆடி, அதற்கு மரியாதை என்று பேர் வைத்தார்கள்.

கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன். இவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டு, "நீ மட்டும் குறத்தி ஆடலையா?" என்றார். போட்டோவைக் காட்டியது தப்பு.

"ஆடினேன். அதனாலதான் சொல்றேன்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் மோர் ஊற்றிக்கொண்டோம்.

பிப்ரவரி 26

நிலாவின் வாதம் முடிந்தது. அவள் கட்சி ஜெயித்ததாம்! போனில் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நல்லாப் பேசிட்டேன்மா, அதான் பிரச்சினை" என்றாள். எதை வைத்து ஜெயித்தாய் என்றேன். வடக்கு டகோட்டாவை எடுத்தாளாம். 'ஃபைட்டிங் சூ' என்று பெயர் வைத்திருந்த பல்கலைக்கழகம். சூ பழங்குடியில் ஸ்பிரிட் லேக் பகுதி மக்கள் 2009-இல் ஓட்டுப் போட்டு 'பெயர் இருக்கட்டும்' என்றார்கள். அதே பழங்குடியின் ஸ்டாண்டிங் ராக் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நன்கொடையாளர் ஒருவர் பல கோடி டாலரில் ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்டிக் கொடுத்து, பின்னாளில் பெயரை எடுக்கவே முடியாதபடி கருங்கல் தரையிலும் நாற்காலியிலும் ஆயிரக்கணக்கில் அந்தச் சின்னத்தைப் பதித்துவிட்டுப் போனார். கடைசியில் 2012 ஜூனில் மாநில மக்களே 67 சதவீதம் பேர் 'போதும்' என்று ஓட்டுப் போட்டார்கள். 2015-இல் 'ஃபைட்டிங் ஹாக்ஸ்' ஆனது. 'ஒரே மக்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும்போது வெளியாட்கள் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம்' என்று கேட்டாளாம். எதிர்க்கட்சி வாயடைத்துப் போச்சாம்.

எதிர்க்கட்சியில் நான் இருந்திருந்தால், 'ஒரு வீட்டில் அண்ணன் சரி என்று தம்பி வேண்டாம் என்றால், அந்த வீட்டுப் பெயரை நாம் ஏன் சட்டையில் அச்சடிக்கணும்' என்று கேட்டிருப்பேன். இவள் அதற்கும் பதில் வைத்திருப்பாள்.

மார்ச் 3

நிலாவுக்கு மூன்று டிக்கெட் கிடைத்தது. அரங்கத்துக்குப் போனோம். பாதி ஆட்டத்தில் பேண்டு வழக்கமான அந்தப் பாட்டை வாசித்தது. ஒரு காலத்தில் சீஃப் ஆடிய பாட்டு. நடுவில் யாரும் வரவில்லை. பளபளவென்று மரத்தரை மட்டும். ஆனாலும் எங்கள் பகுதியில் பத்துப் பதினைந்து பேர் எழுந்து கைகளை நெஞ்சுக்கு நேரே மடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு முடிகிற இடத்தில் "சீஃப்!" என்று ஒரு கத்தல். கத்தியவர்களில் பாதிப்பேர் நிலா வயசுப் பிள்ளைகள். சீஃப் ஆடியதை இவர்கள் பார்த்திருக்கவே முடியாது. சொத்தைப் பல்லை எடுத்த பிறகும் நாக்கு அங்கேயே போய்த் தடவுமே, அதுபோல.

இவர் கையை மடிக்கவில்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் கணக்கில், எடுத்தது சரி. எடுத்த இடத்தை இத்தனை வருஷம் காலியாகப் போட்டு வைத்ததுதான் தப்பு. பல்கலைக்கழகம் பழையதை மறக்கச் சொல்கிறது, கத்துவதற்குப் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. மாணவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: மீன்கொத்தி. 2020-இல் மாணவர் வாக்கெடுப்பில் அதற்குப் பெரும்பான்மை. அந்த இலையுதிர் காலத்தில் பேராசிரியர்கள் அமர்கிற செனட்டும் ஆதரித்தது. அதோடு சரி.

தேர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே இருக்கிற மீன்கொத்தியில் பெண்தான் அழகு. ஆணுக்கு நீலமும் வெள்ளையும் மட்டும். பெண்ணுக்கு வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை கூடுதலாக உண்டு. நீலமும் ஆரஞ்சும் இந்தப் பல்கலைக்கழகத்தின் நிறங்கள். "போயும் போயும் ஒரு குருவியா? எதிராளி பயப்பட வேண்டாமா?" என்றார் இவர். மீனைக் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

மார்ச் 17

பனி உருகிவிட்டது. குழாயிலிருந்து சேலையை அவிழ்த்தேன், துரு பிடித்துக் கிடந்தது. டீ-ஷர்ட் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. இவர் அதை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து வைத்திருக்கிறார். எப்போது செய்தார் என்று கேட்கவில்லை.

மாலை கிரிஸ்டல் லேக் பூங்காவில் நடந்தோம். தண்ணீரின் ஓரத்தில் பட்டுப்போன ஒரு கிளை. கிலுகிலுப்பையை வேகமாக ஆட்டுவதுபோல ஒரு சத்தம். இவர்தான் முதலில் பார்த்தார். என் கையைப் பிடித்து நிறுத்தி, "சிச்சிலி!" என்றார். மீன்கொத்திக்கு ஊரில் சொல்கிற பெயர். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. உய்யக்கொண்டான் வாய்க்காலில் பார்த்ததற்கு அப்புறம் இப்போதுதான் சொல்கிறாராம். நம்மூர்ச் சிச்சிலியை விடப் பெரிது, தலையில் சீவாத முடி மாதிரி கொண்டை. ஒரு முறை தலைகீழாகப் பாய்ந்தது, வெறும் வாயோடு திரும்பி வந்து உட்கார்ந்தது.

போனில் படம் எடுத்து நிலாவுக்கு அனுப்பினார். உடனே பதில்: "ஆணா பெண்ணா?"

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்க ஆக்கக் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினார். "வயித்துல ஆரஞ்சு தெரியுதா பாரு."