உடனடி அனுமதிக்கு முன்னும் பின்னும்

மதுரையில் வைகைக்கு வடக்கே, 1987இல் அப்பா வாங்கிப் போட்ட மனையில் எங்கள் வீடு எழும்பிப் பூச்சு வேலை வரை வந்திருக்கிறது. கட்டட அனுமதி வாங்கிய விவரத்தைக் கேட்கும் உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "இப்போதெல்லாம் ஆன்லைனில் உடனே கொடுத்துவிடுகிறார்களாமே?" கொடுத்துவிடுகிறார்கள் என்பது உண்மை. அந்த உடனடி அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகுதியை நம் மனை அடைவதற்குத்தான் காலம் பிடிக்கிறது. அனுமதி கிடைத்த பிறகு அதன்படி கட்டுவதற்கு உறுதி வேண்டியிருக்கிறது. இவ்விரண்டைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கொடுக்கும் விவரங்களுக்கு மனைக்காரரே பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் சுயசான்று முறையைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலை 22 அன்று தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ மட்டும் கொண்ட குடியிருப்பாக இருந்தால், பத்திரம், பட்டா, பதிவு பெற்ற பொறியாளர் வரைந்த படம் ஆகியவற்றை ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றிக் கட்டணத்தைச் செலுத்தியதும் அனுமதி ஆணை வந்துவிடுகிறது. இதற்கு ஆய்வுக் கட்டணமும் இல்லை, உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இல்லை. வீடு முடிந்த பிறகு பணி நிறைவுச் சான்றும் வாங்க வேண்டியதில்லை. சிறிய வீடு கட்டுகிற ஒரு குடும்பம் அலுவலக வாசலில் நிற்கும் நிலையை இந்த முறை பெருமளவு மாற்றியிருக்கிறது என்று மனதாரச் சொல்வேன்.

ஆனால், மனை அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் இருக்க வேண்டும், அல்லது முறையாக வரன்முறை செய்யப்பட்டிருக்க, அதாவது அங்கீகாரமில்லாமல் பிரிக்கப்பட்டதைப் பின்னர் அரசு ஏற்று ஆணை கொடுத்திருக்க வேண்டும். எங்கள் பகுதி 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை ஊராட்சியாக இருந்தது. எண்பதுகளில் வயலை மனைகளாகப் பிரித்து விற்றவர்கள் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு வரைபடத்தைக் காட்டி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லித்தான் விற்றார்கள். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் அந்த முத்திரைக்கு மட்டும் சட்ட மதிப்பு இல்லை என்பது வாங்கிய பலருக்குத் தெரியாது. 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதுதான் தெருவே விழித்துக்கொண்டது. அதன் பிறகு வந்த 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன்பு பதிவான மனைகளுக்கு வழி திறந்தன. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல், அதன் பின் ஒவ்வொரு மனைக்கும் தனித்தனி ஆணை என்பது ஏற்பாடு. அப்பா உயிரோடு இருந்தபோதே முன்னின்று அந்த ஆணையை வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு தாள் இல்லையென்றால் சுயசான்று முறை எங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

அடுத்தது பட்டா. அப்பா காலமான பிறகு வாரிசுச் சான்று பெற்று, அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்ததோடு உரிமை பற்றிய கேள்வி தீர்ந்தது. தீராமல் இருந்தது வருவாய்த் துறைப் பதிவேடு. மனையாகப் பிரித்து விற்கப்பட்ட நிலத்தின் சர்வே எண் இன்னும் பழைய நிலக்காரரின் பெயரிலேயே, சில மனைக்காரர்களையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மனைக்குத் தனி உட்பிரிவு எண் வேண்டுமானால் நில அளவர் நேரில் வந்து அளந்து, புலப்படத்தில் (நில அளவைத் துறையின் வரைபடத்தில்) கோடு போட்டு, அதன் பிறகே பட்டா மாறுதல் ஆகும். கட்டட அனுமதிக்கு ஆகும் காலம் என்று மக்கள் நினைத்துக்கொள்வதில் பெரும்பகுதி உண்மையில் இங்கேதான் கழிகிறது. மாநகராட்சி வாசலை மிதிக்கும் முன்பே அலுத்துப்போய், தெரிந்த இடைத்தரகர் யாரிடமாவது கோப்பை ஒப்படைத்துவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பத்திரம் 30 அடிக்கு 60 அடி, அதாவது 1,800 சதுர அடி என்று பேசுகிறது; பட்டாவோ சதுர மீட்டரில் பேசுகிறது. 1,800 சதுர அடி என்றால் ஏறக்குறைய 167 சதுர மீட்டர் வர வேண்டும். அளந்தபோது எங்களுக்கு 164தான் வந்தது. தெருப்பக்கம் சற்று உள்வாங்கியிருந்தது. பத்திரம், பட்டா, தரையில் உள்ள அளவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதையே மனையின் பரப்பாகக் கொண்டு படம் வரைய வேண்டும் என்று எங்கள் பொறியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்று சதுர மீட்டருக்கு ஆசைப்பட்டுப் பத்திரத்து அளவிலேயே வரைந்து கொடுக்கச் சொல்கிறவர்கள் உண்டாம். சுயசான்றில் கையெழுத்திடுபவர் மனைக்காரர். கொடுத்த தகவல் தவறென்று பின்னாளில் தெரிந்தால் அனுமதியே செல்லாததாகிவிடும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. அதிக உயரமில்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2; அதாவது மனைப் பரப்பைப் போல் இரு மடங்கு வரை எல்லாத் தளங்களும் சேர்த்துக் கட்டலாம். சின்ன வீட்டுக்காரர்களை இந்தக் கணக்கு இறுக்குவதில்லை. இறுக்குவது சுற்றி விட வேண்டிய திறந்தவெளிதான். முன்புறம் விட வேண்டியது தெருவின் அகலத்தைப் பொறுத்தும், பக்கவாட்டில் விட வேண்டியது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தும் அமைகிறது. முப்பதடி அகலத்தில் அதை விட்டதும் படுக்கையறை எவ்வளவு சுருங்குகிறது என்பது படத்தில் தெரிவதைவிட, அடித்தளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்று நன்றாகத் தெரியும்.

கோடு போட்ட அன்றே மேஸ்திரி கேட்டார். "கிழக்கால ரெண்டடி இழுத்துக்கலாம் சார், இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் கட்டியிருக்காங்க. யாரு வந்து அளக்கப் போறா?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வீட்டுக்காரர்கள் அதை எதிர்பார்ப்பதை வாழ்நாள் முழுதும் பார்த்துப் பழகியவர். முன்பு அளக்க ஒருவர் வருவார் என்ற அச்சமாவது இருந்தது. இப்போது நம் கையெழுத்தை நம்பி அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பதாலேயே அந்த இரண்டடியைத் தொடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சந்தில்தான் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கு வெளிச்சம் விழுகிறது. கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஆள் நுழைய வேண்டியதும், 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய் இறங்க வேண்டியதும் அங்கேதான். மேஸ்திரியிடம் படத்தின் நகல் ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள அளவு மாறக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு அவரே நூல் பிடித்துச் சரிபார்த்தார்.

விதி மீறினாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் நகரங்களில் வேரூன்றியதற்கு அரசுக்கும் பங்குண்டு. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28க்குள் கட்டப்பட்ட விதிமீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்க வகை செய்தார்கள். பின்னர் 113-சி பிரிவு வந்து, 2007 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கும் அந்த வாய்ப்பைத் தந்தது. ஒவ்வொரு முறையும் திறந்தவெளியை ஒழுங்காக விட்டுக் கட்டியவர் அடைந்த பயன் ஒன்றும் இல்லை. சுயசான்று முறை நிலைக்க வேண்டுமென்றால், அனுமதி பெற்ற வீடுகளில் சிலவற்றையாவது கட்டும் போதே நேரில் சென்று அளந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் வீட்டுக்கு அளக்க வந்தால் மகிழ்ச்சியோடு கதவைத் திறப்பேன்.

அதைவிட அவசரமான வேலை, இணைக்கப்பட்ட பழைய ஊராட்சிப் பகுதிகளில் முகாம் அமைத்துக் கூட்டுப் பட்டாக்களை உட்பிரிவு செய்து கொடுப்பது. எங்கள் தெருவிலேயே வரன்முறை ஆணையைக் கையில் வைத்துக்கொண்டும், தனிப் பட்டா இல்லாததால் விண்ணப்பிக்க முடியாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அனுமதி பெற்ற படம் இல்லாமல் வங்கி வீட்டுக்கடன் கொடுப்பதில்லை. எனவே வட்டிக்கு வெளியே வாங்கி, அனுமதியில்லாமலேயே கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு சர்வே எண்ணுக்குள் இருக்கும் எல்லா மனைகளையும் நில அளவர் ஒரே தடவையில் அளந்துவிட்டால், ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே மனுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டியிராது. தெருக்காரர்கள் கையெழுத்திட்ட கோரிக்கையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறோம்.