பாழடைந்த முற்றத்தில் முதல் செடியை எப்போது வைப்பது?

பல வருடம் பார்ப்பாரில்லாமல் கிடந்த முற்றத்தையும் அதை ஒட்டிய தோட்டத்தையும் மீட்க நினைப்பவர்கள் நேராக நர்சரிக்குப் போய்விடுகிறார்கள். பத்துச் செடி வாங்கி வந்து வைத்து, அவற்றில் ஆறு செத்த பிறகுதான் மண்ணைப் பார்க்கிறார்கள். தண்ணீரைப் பார்ப்பது அதற்கும் பிறகு. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். தரை உள்வாங்குவது, சுவரில் ஓதம் ஏறுவது, பாசி வழுக்குவது, ஒரு மூலையில் வைக்கும் செடி மட்டும் திரும்பத் திரும்ப அழுகுவது என எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: விழுகிற மழைக்குப் போக வழி இல்லை.

அதனால் முதல் மழைக்காலத்தில் கடப்பாரையைத் தொட வேண்டாம். பார்ப்பது மட்டும்தான் வேலை. பலத்த மழை விட்டதும் தண்ணீர் நிற்கும் இடங்களின் விளிம்பில், மண்ணாக இருந்தால் முளைக்குச்சி அடித்து வையுங்கள். தளமாக இருந்தால் கரித்துண்டால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டால் அது வாட்டக் குறை, அதாவது தளத்தின் சரிவு போதவில்லை. மறுநாளும் நின்றால் அடிமண் இறுகியிருக்கிறது அல்லது வடிகால் அடைத்திருக்கிறது. முதலாவதற்குக் கொத்தனார் வேலை போதும், இரண்டாவதற்குத் தோண்டித்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தளத்தை மட்டும் மாற்றிப் போட்டால் அடுத்த மழையில் பழைய கதைதான்.

கூரைத் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லிட்டர். சிதறல், ஈரம் உறிஞ்சுதல் போக 800 லிட்டராவது கீழே இறங்கும். அவ்வளவும் ஒரே குழாய் வழியாக முற்றத்தின் ஒரு மூலையில் கொட்டினால் எந்தத் தளமும் தாங்காது. அதைச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி ஓர் உறிஞ்சு குழிக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் பலர் ஏமாறுவது குழியின் கொள்ளளவில்தான். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழியை உடைகல்லால் நிரப்பினால் கற்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் ஏறக்குறைய 40 சதவீதம். அதாவது 1000 லிட்டர் அல்ல, 400 லிட்டர்தான் பிடிக்கும். மிச்சம் வழிந்தோட ஒரு வாய்க்காலும் வேண்டும். குழிக்கு முன்னால் சிறிய வண்டல் தொட்டி ஒன்று வைத்தால் இலையும் சேறும் அதிலேயே தங்கிவிடும். அது இல்லாத குழி சில வருடங்களில் சேறடைத்துச் செத்துப்போகும்.

மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் மட்டம் பார்க்கலாம். ரசமட்டம் சின்ன நீளத்துக்குத்தான் சரி. முற்றத்துக்குப் பத்து மீட்டர் நீள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதே நம்பகமானது. டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு தப்பும். வாளியை உயரத்தில் வைத்து, மெதுவாக உறிஞ்சி இறக்கி, இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று சோதித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே, மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். நாலு மீட்டர் முற்றம் என்றால் முடிவில் 6 சென்டிமீட்டர் இறக்கம். சுவரை ஒட்டிய இடத்தில் முற்றத்தின் மட்டம் வீட்டின் உள்தரையை விட 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு இந்த இடைவெளியைத் தின்றுவிட்ட வீடுகளில்தான் சுவர் ஓதமும் வாசற்படிக்குள் தண்ணீரும். அங்கே மேலே இன்னொரு அடுக்கு போடுவதைப் பற்றிப் பேசவே கூடாது, பெயர்த்து எடுப்பது மட்டுமே வழி. சுவரோரம் பாத்தி கட்டி மண்ணைக் குவித்திருந்தால் அதையும் இறக்குங்கள்.

பெயர்த்த செங்கற்களை எறிய வேண்டாம். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது அல்லது சரியாக வேகாத கல். அதைக் குழிக்கு உடைகல்லாகப் போடலாம். தளத்துக்கு வேரும் மக்கிய குப்பையும் இல்லாத கெட்டி மண் வரும்வரை தோண்டி, 10 சென்டிமீட்டர் ஜல்லியை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகத் திமிசு போட வேண்டும். ஒரே தடவையில் பத்துச் சென்டிமீட்டரையும் கொட்டி இடித்தால் மேல்பாதி மட்டும் இறுகும், கீழே பொலபொலவென்று இருக்கும். ஒரு மழைக்குப் பிறகு கற்கள் குழி குழியாக இறங்குவது இதனால்தான். ஜல்லியின் மேல் 3 சென்டிமீட்டர் பருமணல். இதை இடிக்கக் கூடாது, இரண்டு குழாய்களை வாட்டத்துக்கு வைத்து அவற்றின் மேல் மட்டப்பலகையை இழுத்துச் சமப்படுத்தினால் போதும். கற்களை வைக்கும் முன் ஓரக்கல்லை உறுதியாகக் கட்டிவிடுங்கள். ஓரம் நெகிழ்ந்தால் நடுவில் எவ்வளவு நேர்த்தியாக வைத்தாலும் இடுக்குகள் விரியும். கற்களை நினைத்த மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வைத்தால், தட்டி இறக்கும்போது சரியாக உட்காரும். காய்ந்த பொடிமணலை மேலே தூவிக் கூட்டி இடுக்குகளை நிரப்பி, ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை கூட்டிவிடுங்கள்.

பழைய செங்கல்லோ கல்லோ பதித்த தளத்தின் இடுக்கில் சிமெண்ட் பூசுவது எல்லோரும் செய்கிற, யாரும் செய்யக் கூடாத வேலை. அந்தக் காலச் செங்கல்லை விடச் சிமெண்ட் கடினமானது, ஈரத்தையும் எளிதில் விடாது. இடுக்கு வழியாக வெளியேற வேண்டிய ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறும். கூடவே வரும் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி, முகத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பூச்சு மட்டும் நின்றுகொண்டிருக்க, நடுவில் செங்கல் குழிந்துபோன தளங்களை இப்படித்தான் உண்டாக்கினார்கள். அங்கே ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசி, ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். உச்சி வெயிலில் பூசினால் வெடிக்கும். பாசிக்குக் கெட்டித் தூரிகையும் தண்ணீரும் போதும். ஆசிட் வேண்டாம்: சுண்ணாம்புப் பூச்சையும் பளிங்கையும் சுண்ணாம்புக்கல்லையும் அது தின்னும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் பாசியோடு இடுக்கு மணலையும் வாரிக்கொண்டு போகும்.

சுவர் வெடிப்பில் முளைத்த அரசையும் ஆலையும் இந்த வறண்ட மாதங்களிலேயே கவனியுங்கள். வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம், அடுத்த ஈரத்தில் இரண்டாகத் தழையும். விரலளவு வேர் வரைக்கும் பூச்சைக் கிளறி வேரை முழுதாக உருவி, அந்த இடத்தை உடனே அடைத்துவிடலாம். மணிக்கட்டுத் தடிமனைத் தாண்டிய வேராக இருந்தால் அது சுவரைப் பிளந்து அந்த இடத்தில் தானே நிற்கிறது. அதை உருவும்போது கற்களும் கூட வரும். முட்டுக் கொடுத்துவிட்டுச் செய்யத் தெரிந்த கொத்தனாரிடம் விடுங்கள்.

கோடை உச்சம் களைக்கு. காலியாகக் கிடக்கும் பாத்தியை நன்றாக நனைத்து, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களைப் புதைத்து நாலிலிருந்து ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணில் இருக்கும் களை விதைகளில் பெரும்பங்கு வெந்துவிடும். கறுப்புத் தாள் போட்டால் சூடு தாளிலேயே நின்றுவிடும், மண்ணுக்குள் அவ்வளவாக இறங்காது. ஆனால் கோரை இதற்கெல்லாம் அசையாது. ஒரு கோரையை மண்வெட்டியால் ஆழமாகத் தூக்கி, மண்ணை உதறிப் பாருங்கள்: கறுத்த சிறு கிழங்குகள் நூலில் கோத்தது போலத் தொடர்ந்து போகும், ஒரு முழ ஆழத்திலும் இருக்கும். கொத்திவிட்டால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். டிராக்டர், டில்லர் எதையும் உள்ளே விடாதீர்கள். கவைக்கோலால் மண்ணை நெகிழ்த்திக் கிழங்கோடு உருவ வேண்டும். தப்பியது மறுபடி தலைகாட்டும்போதெல்லாம், ஐந்தாறு இலை விடுவதற்குள் பறித்துக்கொண்டே இருந்தால்தான் கிழங்கு வற்றும். இதற்கு இரண்டு பருவம் ஆகும். சுருக்குவழி சொல்பவர்களை நம்பாதீர்கள்.

மண்ணை இப்போது சோதிக்கலாம். 30 சென்டிமீட்டர் அகல ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பி, இரண்டாவது முறை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். இரண்டரைக்கும் ஏழரை சென்டிமீட்டருக்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால் மேட்டுப்பாத்தி கட்டுங்கள். களிமண்ணில் மணலைக் கொட்டிச் சரிசெய்யப் பார்ப்பது வீண், கொஞ்சம் மணல் கலந்த களி முன்னிலும் இறுகும். மக்குதான், அதாவது மக்கிய குப்பை உரம்தான், மருந்து: 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி மேல் 20 சென்டிமீட்டரில் கலக்க வேண்டும். பத்துச் சதுர மீட்டருக்கு அது 500 லிட்டர், சிறிய அளவல்ல. குப்பைக் குழியை முந்தைய வருடமே தொடங்கியிருக்க வேண்டும். மக்காத மரத்தூளைக் கலந்தால் அது மக்குவதற்காக மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும்.

முற்றத்து மண்ணுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. எப்போதோ இடித்த சுவரின் காரையும் சுண்ணாம்பும் அதில் புதைந்திருக்கும். மண் காரமாகி, இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் இது முதலில் தெரியும். நுனிக் கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சை வலையாக நிற்கும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் மஞ்சள் தொடங்கினால் அது தழைச்சத்துக் குறை, வேறு கதை. நுனியில் தொடங்கினால் உரம் போட்டுப் பயனில்லை. காரைக் கட்டிகளைச் சலித்தெடுத்து மக்கு சேர்ப்பதும், அவசரத்துக்கு இரும்புச் செலேட் (செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கும் இரும்புச்சத்து) தெளிப்பதும்தான் வழி. கட்டிகள் மிகுதி என்றால் அந்த இடத்தில் மண்ணையே 40 சென்டிமீட்டர் மாற்றுங்கள்.

நேரம் இருந்தால், முதல் தூறல்களில் பசுந்தாள் உரமாகச் சணப்பையோ தக்கைப்பூண்டையோ நெருக்கமாக விதைத்து, பூவெடுக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கிக் கொத்திவிடலாம். காய் பிடிக்க விட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். கொத்திய பிறகு இரண்டு மூன்று வாரம் எதையும் நடாதீர்கள்.

இருக்கிற பழைய செடிகளுக்குக் கவாத்து வேண்டும், ஆனால் ஒரே வெட்டாக அல்ல. முதிர்ந்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்து, அடுத்த வருடம் இன்னொரு பங்கு என்று மூன்று வருடத்தில் புதுப்பிப்பது பாதுகாப்பு. புதுத்தளிரில் பூக்கும் மல்லிகை, செம்பருத்தி வகைகளைத் தளிர்ப்பதற்கு முன் வெட்டலாம். போன வருடக் கிளையில் பூப்பவற்றைப் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த வருடப் பூ போச்சு. மரங்களில் அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். கம்பம் நட்டது போல நேராக இறங்கினால் வேர்க்கழுத்து புதைந்திருக்கிறது. மேலேறிய மண்ணைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, வேர் விரியும் இடம் தெரியும்வரை திறந்துவிடுங்கள்.

மழை பிடித்து மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பிறகுதான் புதுச் செடி. குழி வேர்க்கட்டியின் ஆழமே இருக்கட்டும், அகலம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. களிமண்ணில் குழியின் பக்கச் சுவர் வழவழப்பாக இருந்தால் கவைக்கோலால் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் உள்ளேயே வட்டமடிக்கும். பையில் ஏற்கெனவே சுற்றிக்கொண்ட வேர்களை வெட்டி விரிக்கத் தயங்க வேண்டாம். மண்ணை மூடும் சருகு, வைக்கோல் மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளியே வையுங்கள், கரையானுக்குப் பாலம் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த கோடையில் செடி காய்வது பெரும்பாலும் தினமும் கொஞ்சம் ஊற்றுவதால். மேலே நனைத்தால் வேரும் மேலேயே நிற்கும். சதுர மீட்டருக்கு 25 லிட்டரை நிதானமாக விட்டுவிட்டு, மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரமான மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கி, காய்ந்த இடத்தில் முட்டி நிற்கும். 20 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அடுத்த தண்ணீரைத் தள்ளிப்போடலாம். வெயில் அடிக்கும் சுவரோரச் செடிகளுக்கு மட்டும் தனிக்கணக்கு. சுவர் இரவிலும் சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே மண் சீக்கிரம் காயும்.

இரண்டாவது மழையில் பழைய முளைக்குச்சிகளை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று. எங்காவது கல் இறங்கித் தண்ணீர் நின்றால் அந்தக் கற்களை மட்டும் தூக்கி, அடியில் ஜல்லி நெகிழ்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதை இடித்த பிறகே மணல் சேருங்கள். வண்டல் தொட்டியையும் அப்போதே அள்ளிவிடுங்கள்.