லண்டன் நேரத்தில் பந்திங்கில் ஒரு சனிக்கிழமை

நான் வேலை செய்யும் குழு லண்டனில் இருக்கிறது. நான் இருப்பது மலேசியாவின் பந்திங்கில். விளையாட்டோடு தொடர்புடைய நிறுவனங்களின் பெயரை இணையச் செய்தித் தளங்களில் வரவைப்பது எங்கள் தொழில். டிஜிட்டல் பி.ஆர்., அதாவது இணைய மக்கள் தொடர்பு என்பார்கள். காசு கொடுத்து இடம் வாங்கினால் அது விளம்பரம், அந்தப் பக்கம் நாங்கள் போவதில்லை. நிருபர் தாமாக எடுத்துப் போடக்கூடிய ஒரு செய்தியைத் தயார்செய்து, அதற்குள் வாடிக்கையாளரின் பெயரும் அவருடைய தளத்துக்கு ஓர் இணைப்பும் இயல்பாக அமையும்படி பார்த்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்தே செய்யும் இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமையை முழுதாகச் சொன்னால் விளங்கும். வார நாள்களில் இந்த வேலையின் பாதி முகம்தான் தெரியும்.

முதலில் நேரக் கணக்கு. கோடையில் இங்கிலாந்து நம்மைவிட 7 மணி நேரம் பின்னால் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 8 ஆகிவிடும். ஒரு நாடே சேர்ந்து கடிகாரத்தைத் திருப்புமா என்று அம்மா சிரித்தார். 1982 புத்தாண்டில் நாமும்தான் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தோம் என்று அப்பா நினைவுபடுத்தினார். தோட்டத்தில் காலை வருகைக் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போனவருக்கு அது மறக்குமா? நான் சொல்லும் சனிக்கிழமை டிசம்பர் மாதத்தது. லண்டனில் காலை 9 மணி, எனக்கு மாலை 5.

கணினியைத் திறந்ததும் முதல் வேலை, அந்த வாரம் அனுப்பிய செய்தி எங்கெங்கே வந்திருக்கிறது என்று தேடுவது. வாடிக்கையாளரின் பெயரைப் போட்டுத் தேடினால் மட்டும் போதாது. பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளும் தளங்கள் உண்டு. ஆகவே எங்கள் அட்டவணையில் உள்ள வித்தியாசமான எண் ஒன்றையும் சேர்த்துத் தேடுவேன். பெயர் வந்து இணைப்பு வராமல் போயிருந்தால் அந்த நிருபருக்கு இரண்டு வரி எழுதுவேன். எங்கள் உழைப்புக்கு மரியாதை கேட்டு எழுதினால் பதில் வராது. முழு அட்டவணை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, உங்கள் வாசகர் தம் அணியைப் பார்க்க விரும்புவார் என்று எழுதினால் சில நேரம் சேர்த்துவிடுவார்கள்.

இணைப்பிலும் சாதி வேறுபாடு உண்டு. 2005-இல் கூகுள் உள்ளிட்ட தேடுபொறிகள் 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தன. அந்தக் குறி உள்ள இணைப்பு, தேடல் வரிசையில் ஒரு தளத்தை உயர்த்தப் பயன்படாது என்பது அன்றைய ஏற்பாடு. 2019-இல் விளம்பர இணைப்புக்கென்றே தனிக் குறி வந்தது, பழைய குறியையும் கூகுள் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் பலருக்கு இந்தக் குறி இல்லாத இணைப்பு எத்தனை என்பதுதான் கண்ணில் நிற்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத தளத்தின் 'நல்ல' இணைப்பைவிட, நியூகாசில் ரசிகர்கள் தினமும் படிக்கும் உள்ளூர்ப் பத்திரிகையில் குறியோடு வரும் இணைப்பு மேல். மாத அறிக்கையில் இதை எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், அவர்களும் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஐந்தரைக்குக் குழுக் கூட்டம். அப்பா இதையும் பெரட்டு என்றுதான் சொல்கிறார், பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதால். கூட்டத்தில் யோசனைகளைக் கொல்வதுதான் முக்கிய வேலை. ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டு 'ரசிகர்களுக்குப் பிடித்த மைதான உணவு' என்று பட்டியல் போடுவது போன்றவை வந்தவுடன் சாக வேண்டும். அதைப் படித்துவிட்டு யாரும் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. எண்ணுக்குள் ஒரு கதை வேண்டும். நான் லண்டன்காரர்களுக்குச் சொல்லும் உதாரணம் நம் ஓட்டக்காரர் ஜெகதீசனுடையது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசியச் சாதனை 2017-இல்தான் முறிந்தது, கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90-இல் ஓடியபோது. வித்தியாசம் வெறும் 0.02 விநாடி. ஆனால் இடையில் 49 ஆண்டுகள். செய்தி அந்த 49-இல் இருக்கிறது. இதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தவருக்கு அன்று மாலை வேலை சுலபமாக இருந்திருக்கும்.

நாங்கள் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த பெரிய வேலை, தம் அணியின் ஆட்டத்துக்காக எதிரணியின் ஊருக்குப் போகும் வெளியூர் ரசிகர்களைப் பற்றியது. 2016–17 பருவம் முதல், இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகரிடம் டிக்கெட்டுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் ரயில் கட்டணத்துக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லையே என்று ஒருவர் கேட்டார். முதலில் தூரத்தைக் கணக்கிடலாம் என்றுதான் பேச்சு. 20 மன்றங்கள் (கிளப்புகள்), ஒவ்வொன்றுக்கும் 19 வெளியூர் ஆட்டங்கள், ஆக 380 பயணங்கள். நியூகாசிலிலிருந்து போர்ன்மத் வரை சாலையில் 300 மைலுக்கு மேல். பந்திங்கிலிருந்து ஜொகூர் பாருவைத் தாண்டிப் போனாலும் அந்தத் தூரம் வராது. ஆனால் இது ஏற்கெனவே பலர் செய்த கணக்கு, நிருபர்களுக்குச் சலித்துப்போனது.

கேள்வியை மாற்றினோம்: ஆட்டம் முடிந்தபின் அன்றிரவே ரயிலில் வீடு திரும்ப முடியுமா? சனிக்கிழமை பிற்பகல் ஆட்டமென்றால் பலருக்கு முடியும். அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்காகத் திங்கள் இரவு 8 மணிக்குத் தள்ளிவிட்டால்? போர்ன்மத்தில் 10 மணிக்கு ஆட்டம் முடிந்து வெளியே வரும் நியூகாசில் ரசிகருக்கு அன்றிரவு ஊர் போய்ச் சேர ரயில் கிடையாது. அறை எடுக்க வேண்டும், மறுநாள் வேலைக்கு விடுப்பும் எடுக்க வேண்டும். 30 பவுண்டு டிக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான செலவு அதுதான்.

இதை எக்ஸெல்லில் ஏற்றுவது எழுத்தில் சொல்வதுபோல் எளிதில்லை. தொலைக்காட்சித் தேர்வுகள் வரவர ஆட்ட நாள் மாறும். கடைசி ரயில் நேரம் வார நாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு. தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடும் நாள்களும் உண்டு. மைதானத்திலிருந்து நிலையத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் கொடுப்பது? அரை மணி என்று வைத்தோம், அப்படி வைத்தோம் என்பதையும் வெளிப்படையாக எழுதினோம். நிருபர்கள் முதலில் படிப்பது கணக்கிட்ட முறையைத்தான். அதில் ஓட்டை இருந்தால் மீதியைத் திறக்கவே மாட்டார்கள். ஆகவே ஒருவர் போட்ட வரிசையை இன்னொருவர் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது. அன்று மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை நான் இன்னொருவர் போட்ட வரிசைகளைச் சரிபார்த்தேன். இடையில் இடி இடித்து இணையம் போனது. கைப்பேசி இணைப்பில் தொடர்ந்தேன். பந்திங்கில் மழைக்காலம் என்றால் இதற்கும் சேர்த்துத்தான் தயாராக இருக்க வேண்டும்.

மின்னஞ்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 மன்றங்களுக்கும் ஒரே அறிக்கையை அனுப்பினால் 20 ஊர் நிருபர்களும் அதைக் குப்பையில் போடுவார்கள். லிவர்பூல் நிருபருக்கு லிவர்பூல் எண் தலைப்பிலேயே இருக்க வேண்டும், பர்ன்லி நிருபருக்குப் பர்ன்லி எண். வெள்ளிக்கிழமையில் அனுப்பவே மாட்டோம், அன்று எல்லாரும் பயிற்சியாளர்களின் செய்தியாளர் சந்திப்பில் மூழ்கியிருப்பார்கள். சனிக்கிழமை எழுதி, செவ்வாய்க்கு அடுக்கி வைப்பதே வழக்கம். ஒரே ஒரு முறை நினைவூட்டல் அனுப்புவோம். அதற்கு மேல் போனால் தொல்லை.

இன்னொரு பக்கம் உடனடிச் செய்தி. ஆட்டத்தில் ஒருவர் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அது எப்படி நேர்கிறது, எத்தனை வாரம் ஆகும் என்று பத்து நிமிடத்துக்குள் எல்லாத் தளங்களும் எழுதும். வாடிக்கையாளர் ஒருவரிடம் வேலை செய்யும் இயன்முறை மருத்துவரின் விளக்கம் எங்களிடம் முன்பே எழுதப்பட்டு, அவரே படித்து ஒப்புதல் தந்து, கோப்பில் இருக்கும். பொதுவான காயத்தைப் பற்றித்தான் அவர் பேசுவார், தாம் தொட்டுப் பார்க்காத ஆட்டக்காரரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். அந்த எல்லையை நாங்கள் தாண்டினால் அடுத்த முறை அவர் பேசவே மாட்டார், பேசவும் கூடாது. ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பினால் கதை முடிந்தது. ஒரு நிறுவனத்தின் மேலாளர் இரண்டு வரி மேற்கோளுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு காற்புள்ளியை மட்டும் நகர்த்தி அனுப்பினார். அதற்குள் அந்த ஆட்டக்காரர் பயிற்சிக்கே திரும்பிவிட்டார்.

இல்லாத 'நிபுணர்களை' உருவாக்கி மேற்கோள் விற்ற வேலைகளை 2025-இல் பிரிட்டனின் ஊடகத் துறை இதழான பிரஸ் கெஜட் வெளிக்கொண்டுவந்தது. அதன்பின் எங்களிடமும் நிருபர்கள் மருத்துவரின் பதிவு விவரத்தைக் கேட்கிறார்கள், சிலர் நேரில் பேச வேண்டும் என்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். உண்மையான ஆளை வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன நட்டம்?

சூதாட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறையைப் பற்றிப் பேச முடியாது. பிரிட்டிஷ் கால்பந்தில் பந்தய நிறுவனங்களின் பணம் அவ்வளவு இருக்கிறது. 2025–26 பருவத்துக்குப் பிறகு சட்டையின் முன்புறத்தில் அவற்றின் பெயரைப் போடுவதில்லை என்று பிரீமியர் லீக் மன்றங்கள் 2023 ஏப்ரலில் தாமாக ஒப்புக்கொண்டன. சட்டைக் கையும் மைதான ஓரப் பலகையும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே. வேலைக்குச் சேரும்போதே அந்தக் கணக்குகளை என்னிடம் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சம்பள நாளன்று நாலு நம்பர் லாட்டரிக் கடை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. குழுத் தலைவியும் கேட்கவில்லை. அந்தக் கணக்குகளுக்குப் பதிலாக ஆல் இங்கிலாந்து பூப்பந்துப் போட்டிக்கான வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் பூப்பந்து வீரர்களான ரஸிஃப், ஜலானி சிடேக் சகோதரர்களின் ஊர்க்காரன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதே காரணம். 1992 பார்சிலோனாவில் மலேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர்கள் அவர்கள்.

இரவு பத்தரைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்குப் போனேன். இது உல்லாசத்துக்கு இல்லை, வேலைக்கு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரடியாக ஒளிபரப்பக் கூடாது. தொலைக்காட்சியில் காட்டினால் சிறிய மன்றங்களின் மைதானங்கள் காலியாகிவிடும் என்று பர்ன்லி மன்றத் தலைவர் பாப் லார்ட் 1960-களில் வாதாடியதிலிருந்து வந்த வழக்கம். விளைவு, மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் சகா 3 மணி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது. பந்திங்கில் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டு நான் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியில் பார்க்கலாம். எங்கள் குழுவில் 3 மணி ஆட்டங்களுக்குக் கண் நான்தான்.

கடையில் அன்று இரண்டு மேசைகளில் நல்ல கூட்டம். பக்கத்து மேசை அண்ணன் ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர், நான் என்ன தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எட்டிப் பார்த்தார். சொன்னேன். அப்படியென்றால் அந்தத் தடுப்பாட்டக்காரர் அரை மணி நேரமாக இடது காலை ஊன்றாமல் ஓடுவதை எழுது தம்பி என்றார். நான் கவனிக்கவே இல்லை. இடைவேளைக்குப் பிறகு அந்த ஆட்டக்காரர் களமிறங்கவில்லை. காரணம் அறிவிக்கப்படாததால் தொடைத் தசைக் கோப்பை நான் அனுப்பவில்லை. ஊகத்தை அனுப்புவது எங்கள் வேலை இல்லை. ஆனால் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் பயிற்சியாளரே பேட்டியில் தொடைத் தசைப் பிடிப்பு என்று சொன்னார். அடுத்த நான்கு நிமிடத்தில் எங்கள் மருத்துவரின் விளக்கம், முன்பே பேசி வைத்திருந்த நிருபர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் மட்டும் மருத்துவரின் பதிவு எண் கேட்டார். அதுவும் கோப்பில் இருந்தது.

ஒன்றரைக்குக் கடையிலிருந்தே ஒப்படைப்புக் குறிப்பை எழுதினேன். எந்த நிருபருக்கு எது போயிற்று, யார் பதில் போட்டார், ரயில் அட்டவணையில் இன்னும் யாரும் பார்க்காத வரிசைகள் எவை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு எந்தக் கோப்புகள் ஒப்புதலோடு தயாராக இருக்கின்றன. லண்டனில் அப்போது மாலை ஐந்தரை. தொலைக்காட்சித் தடை நீங்கி அங்குள்ள சகா அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டார். நான் தே தாரிக்குக்குக் காசு கொடுத்தேன். லாரி அண்ணனுடைய கணக்கையும் சேர்த்துத்தான்.