தலையில் ஒரு கட்டி, மெழுகில் ஒரு கட்டி

அப்பாவின் பின்னந்தலையில் இருந்த கட்டியை முதலில் கவனித்தவர் சென்னை காலடிப்பேட்டையில் அவருக்கு முடி வெட்டுகிறவர். "ஐயா, போன மாதம் ஒன்றுதான் இருந்தது, இப்போது இரண்டு தெரிகிறது" என்றாராம். சிவந்து, வழவழவென்று, அழுத்தினால் கெட்டியாக இருந்தது. வலியில்லை, அரிப்பில்லை. அதனாலேயே அப்பா வீட்டில் வாய் திறக்கவில்லை.

பக்கத்துக் கிளினிக்கில் எட்டு மாதம் களிம்பு தடவினோம். அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விடுகிறேன்.

முதல் பயாப்சி (சோதனைக்குத் தோல் துண்டு எடுப்பது) வீணாயிற்று. தோலின் மேல்பகுதியை மட்டும் சீவி எடுத்து அனுப்பினார்கள். "புற்றுக்கான அடையாளம் இல்லை" என்று அறிக்கை வந்தது; அம்மா கேசரி கிளறினார். தோலில் வரும் பி செல் லிம்ஃபோமா (வெள்ளை அணுக்களில் ஒரு வகையில் உண்டாகும் புற்று) பொதுவாக மேல்தோலைத் தொடாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நடுவே மெல்லிய இடைவெளி விட்டு, உள்தோலிலும் அதற்கடியில் கொழுப்பிலும் புற்றணுக்கள் குவிந்திருக்கும். சீவியெடுத்தால் அது கத்திக்குச் சிக்காமலே போகலாம். இரண்டாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்த்த உடனே, வட்டக் கத்தியால் ஆழமாகக் குடைந்து 6 மி.மீ. பஞ்ச் பயாப்சி எடுக்கச் சொல்லிவிட்டார். இம்முறை அறிக்கையில் "லிம்ஃபோமாவாக இருக்கலாம், இம்யூனோ பரிசோதனை தேவை" என்றிருந்தது. அணுக்களில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனை அது.

இங்கிருந்துதான் என் அலைச்சல். லேபில் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு மெட்ரோவில் கிண்டி வரை போய், ஆட்டோ பிடித்து, மருத்துவமனையில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். இளம் டாக்டர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பிளாக் எங்கேம்மா?"

பிளாக் என்பது பயாப்சியில் எடுத்த தோல் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி. இம்யூனோவுக்கு அதிலிருந்து புதிதாகச் சீவல்கள் எடுக்க வேண்டும். ஏற்கெனவே சாயமேற்றிய இரண்டு ஸ்லைடுகள் போதாது. இதை லேபில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் லேபில் கேட்டால், "பிளாக் எடுத்துக் கொடுப்பவர் விடுமுறை" என்றார் கவுன்டரில் இருந்தவர். அடுத்த நாள், "டாக்டர் கடிதம் வேண்டும்." கடிதத்தோடு மூன்றாம் முறை போனபோது கையில் வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று செல்போன் வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்தேன். அறிக்கையில் கடைசி இலக்கம் 6, பிளாக்கில் 9. "தலைகீழாகப் பார்க்கிறீர்கள்" என்றார். திருப்பிக் காட்டினேன். பேசாமல் உள்ளே போனவர், கால் மணி நேரம் கழித்துச் சரியானதைக் கொண்டுவந்தார். யாருடைய சதையையோ அப்பாவுடையதென்று சோதித்திருப்பார்கள். வாங்கியவுடன் அங்கேயே நின்று பெயரையும் எண்ணையும் ஒப்பிடுங்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

இம்யூனோவில் தேடிய புரதங்களின் முடிவு: சிடி20 பாசிட்டிவ், பிசிஎல்6 பாசிட்டிவ், பிசிஎல்2 நெகட்டிவ். அந்த நெகட்டிவைப் பார்த்துத்தான் டாக்டரின் முகம் தெளிந்தது. அது பாசிட்டிவாக இருந்திருந்தால், நிணநீர்க் கணுவில் தொடங்கித் தோலுக்கு வந்ததோ என்ற சந்தேகம் வலுத்திருக்குமாம். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் காலில் வருகிற, வேகமாகப் பரவும் இன்னொரு வகையிலும் பிசிஎல்2 பொதுவாகப் பாசிட்டிவாக இருக்குமாம். அப்பாவுக்கு வந்தது தோலிலேயே தொடங்கும் ஃபாலிகிள் சென்டர் வகை. தலையிலும் முதுகிலும்தான் அதிகம் வரும், மெதுவாக நகரும். உடல் முழுவதும் புற்றைத் தேடும் பெட் ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் இல்லை. கீமோ வேண்டாம் என்றார்கள். "அப்படியானால் இது கேன்சர் இல்லையா டாக்டர்?" என்று அப்பா கேட்டார். "கேன்சர்தான் ஐயா. ஆனால் இந்த வகையில் இதனால் உயிர்போவது அபூர்வம். அதே இடத்திலோ வேறிடத்திலோ திரும்ப வரலாம், அதனால் செக்கப்பை மட்டும் விடாதீர்கள்."

கதிர்வீச்சு 12 நாள், நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). தொல்லை எதுவும் இல்லை, கிண்டி வரை போய்வருகிற களைப்பைத் தவிர.

கட்டிகள் அமுங்கிவிட்டன. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி எப்படி வெட்டினால் தெரியாது என்று காலடிப்பேட்டைக்காரரும் அப்பாவும் போன ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள்.