வீட்டிலிருந்து வந்த நாற்காலிகள்

இன்று கண்ணில் பட்ட ஒரு படம். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் ஒரு கிராமத்துக் கோட்லா, ஊர் கூடிப் பேசுகிற இடம். பிறைபோல நட்ட தடித்த மரக்கட்டைகள். அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

1966 சுதந்திரத்துக்கு முன்பு மனை, வயல், மேய்ச்சல் நிலம் எல்லாம் பிரித்துக் கொடுத்தவர் குடித்தலைவரான கோசி. 1968இல் போட்ட சட்டம் 1970இல் அமலானதும் அந்த அதிகாரம் நில வாரியத்துக்குப் போனது.

மனைக்கு விண்ணப்பித்தால், இடம் காலிதான் என்று முதலில் ஊரின் அந்தப் பகுதித் தலைவர் உறுதி சொல்லவேண்டியிருந்தது. பிறகுதான் வாரியம் சான்றிதழ் தந்தது. நிலத்துக்கு விலை கிடையாது.

தலைநகர் கபரோன் வளர வளரக் காத்திருப்பவர் வரிசை நீண்டது. பக்கத்து மொகோடிட்ஷானேயில் வயல்காரர்களிடமே கள்ளத்தனமாக மனை வாங்கத் தொடங்கினார்கள். 1991இல் விசாரணை ஆணையம் வைக்கும் அளவுக்குப் போனது.

கோசிகள் இதையெல்லாம் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பங்வாகெட்சே குடியின் கோசி இரண்டாம் பதோயென் 1969இல் பதவியைத் துறந்து எதிர்க்கட்சியில் சேர்ந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் கான்யேயில் துணை ஜனாதிபதி மசிரேயையே தோற்கடித்தார்!

என்னை மிகவும் அசைப்பது வேறொன்று. நாட்டின் முதல் ஜனாதிபதி செரெட்சே காமா பங்வாட்டோ குடியின் தலைமை வம்சத்தில் பிறந்தவர். 1967இல் கனிம உரிமையைக் குடிகளிடமிருந்து அரசுக்கு மாற்றியது அவருடைய ஆட்சிதான். அதே ஆண்டு ஒராபாவில் வைரம் கிடைத்தது. அது அவருடைய சொந்தக் குடியின் நிலம்.

இன்றும் அமைச்சர் ஊருக்கு வந்தால் அந்த நாற்காலிகளுக்கு முன்னால்தான் நின்று பதில் சொல்கிறார்.