மெதுவாக ஓடிய லினக்ஸும் என் 2012 கணினியும்

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் என் தொழில் நடக்கிறது. கல்யாணப் பத்திரிகை, வளைகாப்பு அழைப்பு, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று தமிழில் எது கேட்டாலும் வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்புவேன். கணினி 2012இல் லாமிங்டன் ரோட்டில் சேர்த்துக் கட்டியது. இன்டெல் ஐ3-2100, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். என்னுடையது இரண்டாம் தலைமுறை. தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த தம்பி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22.2 என்ற இலவச இயங்குதளத்தை, சின்னமன் என்ற டெஸ்க்டாப்போடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இங்க்ஸ்கேப் என்ற வடிவமைப்புச் செயலி எனக்கு முன்பே பழக்கம் என்பதால் வேலை நிற்கவில்லை. ஆனால் கணினி ஆமை வேகத்தில் நகர்ந்தது. பட்டனை அழுத்தி, வேலைக்குத் தயாராக மூன்று நிமிஷம். ஃபயர்ஃபாக்ஸ் திறக்க அரை நிமிஷம். இங்க்ஸ்கேப் ஒரு நிமிஷத்துக்கு மேல். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் அம்பே அசையாமல் நின்றுவிடும்.

எனக்குக் கவலை வந்ததற்குக் காரணம் உண்டு. மார்கழியில் கல்யாணம் இல்லை என்றாலும், தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை வேலை மார்கழியில்தான் குவியும். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தாய்மாமன் பேரை மேல போடுங்க, சித்தப்பா பேரு விட்டுப் போச்சு" என்று சொல்லச் சொல்ல மாற்றித் தர வேண்டும். திரை உறைந்து நிற்கும் கணினியில் அது நடக்காது.

முதல் இரண்டு வாரம் கண்டதையெல்லாம் மாற்றினேன். ஜன்னல் திறக்கும்போது வரும் அசைவுகளை அணைத்தேன். ரேமில் இடமில்லாததை டிஸ்க்கில் எழுதி வைக்கும் இடம் ஸ்வாப்; அதை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் அளவை 60இலிருந்து 10க்குக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் செயலி ஒன்றைப் போட்டுத் தினமும் துடைத்தேன். ரேமை விடுவிக்கும் கட்டளை என்று ஒருவர் கொடுத்ததை மணிக்கு ஒருமுறை ஓட்டினேன். ஒன்றும் தேறவில்லை, சில நாள் இன்னும் மோசமாகவே ஓடியது.

கார்த்திகை பாதியில் தம்பியிடம் போனில் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "எக்கா, எங்க மெதுவா இருக்குன்னு பாத்தியா? சிபியூவா, ரேமா, டிஸ்க்கா?"

நான் பார்த்திருக்கவில்லை. அன்று இரவே போனில் பேசியபடி இருவரும் பார்த்தோம். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து டாப் என்று அடித்தால் மேலே சில வரிகளில் எண்கள் ஓடும். சிபியூ வரியில் யூஎஸ், எஸ்ஒய், ஐடி, டபிள்யூஏ என்று சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். யூஎஸ் என்பது நம் செயலிகள் சிபியூவை எவ்வளவு பிடித்திருக்கின்றன என்பது. ஐடி சும்மா இருக்கும் நேரம். டபிள்யூஏ என்பது டிஸ்க்கிலிருந்து தரவு வரட்டும் என்று சிபியூ கைகட்டிக் காத்திருக்கும் நேரம். அதை ஓடவிட்டு இங்க்ஸ்கேப்பைத் திறந்தேன். யூஎஸ் 8ஐத் தாண்டவில்லை. டபிள்யூஏ 55, 60, 62 என்று ஏறியது. பதின்மூன்று வருஷப் பழைய சிப்தான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிப்போ வேலையே இல்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்து, ரேம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ ஹைஃபன் எச் கட்டளை. மொத்தம் 3.7 ஜிபி, அவைலபிள் என்ற கட்டத்தில் 300 எம்பி சொச்சம், ஸ்வாப்பில் 1.9 ஜிபி. இந்த அட்டவணையில் ஃப்ரீ என்ற கட்டத்தைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது அவைலபிள். ஒருமுறை படித்த கோப்பை லினக்ஸ் ரேமிலேயே வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்டால் டிஸ்க்கைத் தொடாமல் கொடுக்கும். வேறு செயலிக்கு இடம் வேண்டுமென்றால் அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். நான் மணிக்கு ஒருமுறை ஓட்டிய கட்டளை அந்தச் சேமிப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்தது. தினமும் தற்காலிகக் கோப்புகளைத் துடைத்ததும் ஏறக்குறைய அதே மாதிரிதான். இரண்டும் சேர்ந்து டிஸ்க்கை மறுபடி மறுபடி ஓடவிட்டிருக்கின்றன.

ஆக, ரேம் போதவில்லை. போதாததை ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய் எழுதுகிறது, மறுபடி அங்கிருந்தே எடுக்கிறது. நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் எடுக்கும். முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும், வேண்டிய இடம் சுற்றி வரும்வரை நிற்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னத் துண்டுகள் என்றால் நொடிக்கு நூறு தடவை எடுத்தாலே பெரிது. ஒரு செயலி திறக்க இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, ஸ்மார்ட் பரிசோதனையில் சுத்தமாகவே இருந்தது. அதன் இயல்பே அவ்வளவுதான்.

முதலில் காசில்லாமல் செய்ய முடிந்ததைச் செய்தோம். இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் பர்சென்ட் என்ற இடத்தில் 50 என்று போட்டோம். இது ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப்பாக ஆக்கி, அங்கே போவதைச் சுருக்கி வைக்கிறது. சுருக்கி விரிக்கும் வேலை சிபியூவுடையது, சும்மா இருந்த என் சிபியூவுக்கு அது பெரிய சுமை இல்லை. இசட்ரேம்சிடிஎல் என்று அடித்துப் பார்த்தால் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவாகச் சுருங்கியது என்று காட்டும். என் கணினியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஸ்வாப்பினஸை 10இலிருந்து 100க்கு ஏற்றினோம். 10 என்ற அறிவுரை, ஸ்வாப் டிஸ்க்கில் இருக்கும் காலத்தில் பிறந்தது. ஸ்வாப் ரேமுக்குள்ளேயே இருக்கும்போது அதைத் தயங்காமல் பயன்படுத்தச் சொல்வதுதான் சரி. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2020இலேயே இசட்ரேமை இயல்பாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. 4 ஜிபி ரேம் வைத்திருப்பவர் வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மவுஸ் உறைவது அன்று இரவே நின்றது.

அப்புறம் கடைக்குக் கிளம்பினேன். மாஹிமில் ஸ்லோ ரயில் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கினால் லாமிங்டன் ரோடு நடக்கிற தூரம்தான். போவதற்கு முன் டிஎம்ஐடிகோட் கட்டளையில் பார்த்துக்கொண்டேன்: இரண்டு ரேம் ஸ்லாட், ஒன்று காலி, இருப்பது டிடிஆர்3, 1333. பெட்டியைத் திறக்காமலே இது தெரிந்துவிடுகிறது. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே "லேப்டாப் கா யா டெஸ்க்டாப் கா?" லேப்டாப் ரேம் குட்டையானது, டெஸ்க்டாப்பில் சேராது. பழைய 4 ஜிபி ரேம் ஒன்று 600 ரூபாய், சுற்றும் தட்டே இல்லாத புதிய 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க் 1,900 ரூபாய். எச்61 போர்டில் சாட்டா வேகம் 3 ஜிகாபிட்தான், புது எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று அவரே சொன்னார். அது பரவாயில்லை. எனக்கு வேண்டியது பெரிய கோப்பை வேகமாக நகலெடுப்பது இல்லை, சின்னத் துண்டுகள் காத்திருக்காமல் வருவது. அதில் எஸ்எஸ்டி நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுக்கும்.

வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். சிபியூ மின்விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி போல மெத்தென்று படிந்திருந்தது. மும்பை ஈரக்காற்றில் தூசி உதிர்வதில்லை, அப்பிக்கொள்கிறது. பெயிண்ட் பிரஷால் எடுத்து, காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்த, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். பெரிய பேனரை எக்ஸ்போர்ட் செய்யும்போது சென்சார்ஸ் கட்டளையில் 90ஐத் தொட்ட வெப்பம் இப்போது 64இல் நிற்கிறது. ரேமின் பொன்னிற முனைகளை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று தானாக மூடும்வரை அழுத்தினேன். ஒரு பக்கம் மூடாமல் விட்டால் கணினி பீப் அடித்துக்கொண்டே இருக்கலாம், திரை வராமல் போகலாம்.

எஸ்எஸ்டியில் மின்டைப் புதிதாக நிறுவினேன். பட்டனிலிருந்து டெஸ்க்டாப்வரை 25 செகண்ட். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து என் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுத்துவிட்டு, அந்தப் பழையதை முழுக்க அழித்து ஒரே பகுதியாக்கினேன். அதற்கு அடுத்த முறை கணினியைப் போட்டால், மின்ட் சின்னம் இரண்டு நிமிஷத்துக்கு அப்படியே நின்றது. எஸ்எஸ்டி போய்விட்டதோ என்று வயிறு கலங்கிவிட்டது. எஸ்கேப் விசையை அழுத்தியதும் சின்னம் விலகிப் பின்னால் ஓடும் வரிகள் தெரிந்தன. ஒரு வரி மட்டும் சிவப்பு நட்சத்திரங்களோடு துடித்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு யூயூஐடி அடையாள எண்ணுள்ள டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகவும், கெடு 1 நிமிஷம் 30 செகண்ட் என்றும் சொன்னது. நடந்தது இதுதான்: பகுதிகளை நானே பிரித்து நிறுவியபோது, ஹார்டு டிஸ்க்கில் இருந்த பழைய ஸ்வாப் பகுதியையும் நிறுவும் செயலி தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. நான் அதை அழித்துவிட்டேன். கணினியோ ஒவ்வொரு தடவையும் 90 செகண்ட் அதைத் தேடிவிட்டுத்தான் மேலே போகிறது. துவங்கும்போது எந்த டிஸ்க் பகுதிகளைச் சேர்ப்பது என்ற பட்டியல் ஈடிசி அடைவில் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கும்; அதைத் திறந்து, ஸ்வாப் என்றிருந்த அந்த வரியைக் கணினி கண்டுகொள்ளாதபடி அதன் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டேன். திரும்ப 25 செகண்ட். லினக்ஸ் துவங்க ஏறக்குறைய இரண்டு நிமிஷம் ஆகிறது என்று யார் சொன்னாலும் முதலில் இந்தக் கோப்பைத்தான் பார்க்கச் சொல்வேன். சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்ற கட்டளையும் எந்தச் சேவை எவ்வளவு நேரம் தின்றது என்று வரிசையாகக் காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இங்க்ஸ்கேப் திறக்க 40 செகண்ட் ஆனது. எஸ்எஸ்டியில், 8 ஜிபி ரேமில்! மறுபடி டாப். இந்தத் தடவை டபிள்யூஏ சுழியம், சிபியூவைத்தான் பிடித்திருந்தது. எதற்கு என்று யோசித்தபோதுதான் எழுத்துருக்கள் நினைவுக்கு வந்தன. எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் எண்ணிப் பார்த்தால் 2,340. இந்தத் தொழிலில் இருக்கிற யாரிடமும் இப்படித்தான் இருக்கும். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய பாமினி வகை எழுத்துருக்கள், ஒரே எழுத்துருவுக்கு ஏழு பெயர்கள், அச்சகத்துக்காரர் சிடியில் கொடுத்த மூட்டை, எல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தேன். இங்க்ஸ்கேப் தன் பட்டியலைத் தயாரிக்க எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கிறது.

இன்றைக்கு வாடிக்கையாளர் எல்லோரும் வாட்ஸ்அப்பில் யூனிகோடில்தான் எழுதி அனுப்புகிறார்கள். பழைய எழுத்துருக்கள் எனக்குத் தேவைப்படுவது 2015க்கு முந்தைய கோப்பு எதையாவது திறக்கும்போது மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இப்போது புழங்கும் தமிழ் எழுத்துருக்கள் 60ஐயும், ஆங்கிலம் 40ஐயும் மட்டும் எழுத்துரு அடைவில் வைத்தேன். மற்றவை தேதி போட்ட தனி அடைவில் பத்திரமாக இருக்கின்றன, வேண்டும்போது நாலைந்தை இழுத்துப் போட்டு எஃப்சி-கேஷ் ஓட்டினால் போதும். இங்க்ஸ்கேப் இப்போது 6 செகண்டில் திறக்கிறது. எழுத்துருப் பட்டியலை இழுத்துப் பார்ப்பதும் சிக்காமல் ஓடுகிறது. அன்றாட வேலையில் நான் அதிகம் உணர்வது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

டெஸ்க்டாப்பை மாற்றுவதை எல்லோரும் முதலில் சொல்வார்கள், நான் கடைசியில்தான் செய்தேன். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பையும் நிறுவி, உள்ளே நுழையும் திரையில் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது சின்னமன் 1.1 ஜிபி, எக்ஸ்எஃப்சிஇ 750 எம்பி. 8 ஜிபி இருக்கும்போது இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சின்னமன் ஒவ்வொரு ஜன்னலையும் கிராஃபிக்ஸ் வழியாக வரைகிறது, என் சிப்பில் இருக்கும் எச்டி 2000 கிராஃபிக்ஸுக்கு அது கொஞ்சம் கனம். எக்ஸ்எஃப்சிஇயில் ஜன்னல்களுக்கு நிழல் போன்ற அலங்காரம் சேர்க்கும் கம்போசிட்டரை அணைத்ததும் ஜன்னலை இழுத்தால் கையோடு வருகிறது. அதிலேயே தங்கிவிட்டேன். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலியை மட்டும் மறுபடி அமைக்க வேண்டியிருந்தது.

அம்மா மத்தியானம் இதே கணினியில் யூட்யூபில் கந்த சஷ்டி கவசம் கேட்பாள், அப்போது மின்விசிறி இரையும். யூட்யூப் பெரும்பாலும் விபி9 வடிவில் படத்தை அனுப்புகிறது, இந்தச் சிப்புக்கு அதைத் தன் வன்பொருளில் விரிக்கத் தெரியாது. எச்264 தெரியும். எச்264இஃபை என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியைப் போட்டதும் இரைச்சல் அடங்கியது.

மார்கழி இரண்டாம் வாரத்தில் ஒரே நாளில் ஐந்து பத்திரிகை. ஒரு வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து மணமகனின் படிப்பை மூன்று தடவை மாற்றினார்கள், மூன்று தடவையும் சொல்லி முடிக்கும்போது திரையில் மாறியிருந்தது. பத்தடிக்கு ஆறடி பேனர் எக்ஸ்போர்ட் மட்டும் இன்னும் மூன்றரை நிமிஷம் எடுக்கிறது. டாப்பில் இங்க்ஸ்கேப்பின் சிபியூ வரி 100ஐத் தொட்டபடி நிற்கிறது, டபிள்யூஏ சுழியம். அது சிப்பின் நிஜமான உழைப்பு, அந்த நேரத்தில் நான் கீழே போய் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.