வட்டையில் பூத்த கரந்தை

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் அடித்த சூறாவளி எங்கள் பள்ளி ஆய்வுகூடத்தின் கூரையையும் கொண்டுபோனது, அலுமாரியில் இருந்த நுணுக்குக்காட்டிகளையும் கெடுத்தது. உயர்தர வகுப்பில் தாவரவியல் படித்த நாங்கள் அடுத்த தவணையைப் பெரும்பாலும் வெளியில்தான் கழித்தோம். அப்போது சூரியகாந்திக் குடும்பம் படிக்க வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தில் இருந்ததோ சூரியகாந்திப் படம். புயல் வழித்துப் போட்ட ஊரில் அதற்கு எங்கே போவது? சேர் எங்களைப் பாதையில், அதுதான் வாவி கடத்தும் மிதவையில், ஏற்றி, மண்முனைத் துறை கடந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கூட்டிப் போனார். (2014இல் அங்கே பாலம் வந்துவிட்டது. பாதைக்காகக் காத்து நின்று வெயிலில் காய்ந்ததெல்லாம் இப்போதைய பிள்ளைகளுக்குக் கதை.)

மாரிப்போகம் வெட்டி முடிந்த வட்டை, அதாவது வயல்வெளி. நிலம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. கொட்டைக்கரந்தை மட்டும் தாள்களுக்கிடையே பச்சைப்பசேலென்று படர்ந்து கிடந்தது. வயல் ஈரம் வடிகிற நேரம் பார்த்துத் தழைத்து, அடுத்த உழவுக்குள் பூத்து விதை கொட்டிவிடுகிற ஒரு வருடப் பூண்டு அது.

இலையின் அடி தண்டோடு இறங்கி, பல்லுப்பல்லாகச் சிறகு கட்டியிருக்கும். கசக்கினால் மூக்கில் ஏறும் மணம். சேர் ஊதா உருண்டை ஒன்றைப் பிடுங்கி, "மனே, இது எத்தின பூ?" என்று கேட்டார். ஒன்று என்றான் முன்னால் நின்றவன். மறுகா தொடங்கியது பாடம். சூரியகாந்தியில் ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். கரந்தை அதற்கும் ஒரு படி மேலே. பல குட்டித் தலைகள் சேர்ந்துதான் அந்த உருண்டை. ஒவ்வொரு தலைக்குள்ளும் ஓரத்தில் பெண் பூக்கள், நடுவில் இருபாற் பூக்கள். சூரியகாந்தியின் மஞ்சள் இதழ்போல வெளியே நீட்டுவது ஒன்றும் இல்லை. சவர பிளேடால் பிளந்து, இருந்த ஒரேயொரு உருப்பெருக்கும் கைவில்லைக்கு அடிபட்டுப் பார்த்தோம்.

தமிழ் சேருக்கு விஷயம் எட்டியது. அதே பூவை மேசையில் வைத்துப் புறத்திணை நடத்தினார். வெட்சி சூடி ஆநிரை கவர்வார்கள், கரந்தை சூடி மீட்பார்கள். கரந்தை எந்தச் செடி என்பதில் வேறு கருத்தும் உண்டு. பட்டி மாடுகள் மேயும் படுவான்கரையில் நின்று பார்த்த எனக்கு இன்றுவரை கட்சி மாற மனமில்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கம் பள்ளி ஆய்வுகூடத்துக்குப் பணம் சேர்க்கிறது. பெரிய கருவிகளோடு பிள்ளைக்கொரு கைவில்லையும் வாங்கிக் கொடுங்கள், விலை சொற்பம். கரந்தைக்கு அறுவடை முடிய வட்டைக்குப் போனால் சரி. வயலுக்குச் சொந்தக்காரரான எந்தப் போடியாரும் காசு கேட்கமாட்டார்.